ஒயரை வெட்டாமல் கார் ஸ்டீரியோவை வண்டி மாற்றும் வழி

பழைய காரை விற்கப்போகிறீர்கள். அதில் ஆசையாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்திய ஸ்டீரியோவை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அதைக் கழற்றிப் புதிய வண்டியில் பொருத்துவது முதல்முறை செய்பவருக்கும் முடிகிற வேலைதான். நிதானமும், மின் அளவுகளைக் காட்டும் ஒரு மல்டிமீட்டரும் வேண்டும். ஹெட் யூனிட்டும் (டேஷ்போர்டில் உட்காரும் ஸ்டீரியோவின் முகப்புக் கருவி) ஸ்பீக்கரும் மட்டும் என்றால் ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் (சுருக்கமாக ஆம்ப்), பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரும் சேர்ந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வண்டி மாறிப் போவது கருவிகள் மட்டுமே. ஒயரிங் அந்தந்த வண்டிக்கே சொந்தம். கம்பெனியிலிருந்து வந்த ஒயரைப் பழைய வண்டியிலும் வெட்டக்கூடாது, புதிய வண்டியிலும் வெட்டக்கூடாது. வண்டியின் கனெக்டருக்கும் ஸ்டீரியோவின் கனெக்டருக்கும் நடுவில் ஓர் அடாப்டர் ஒயர் செட் உட்கார வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டால், எங்கே தவறினாலும் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். ஒயரை வெட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எதை எடுப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் பெட்டி, நல்ல ஸ்பீக்கர்கள், நீங்களே தனியாக வாங்கிய ஹெட் யூனிட் ஆகியவை எடுக்கத் தகுந்தவை. வண்டியோடு வந்த கம்பெனி ஹெட் யூனிட்டை எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. பல கம்பெனி யூனிட்டுகளில் திருட்டுத் தடுப்புக் குறியீடு உண்டு. பேட்டரி இணைப்பு போனதும் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் யூனிட் அந்த வண்டியின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். வேறு வண்டியில் வேலையே செய்யாது. ஏசி கட்டுப்பாடும் வண்டியின் செட்டிங்குகளும் அதற்குள்ளேயே இருந்தால், அதை எடுப்பது வண்டியின் ஓர் உறுப்பை எடுப்பதற்குச் சமம்.

கம்பெனி பொருத்திய உயர்ரக ஒலி அமைப்புகளிலும் கவனம் தேவை. அவற்றின் ஸ்பீக்கர்கள் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவான மின்தடை கொண்டவையாக இருக்கக்கூடும். 4 ஓமுக்காகச் செய்த ஸ்டீரியோவில் அவற்றை இணைத்தால் யூனிட் சூடாகி அணைந்துவிடும், சில நேரம் எரிந்தும் போகும். ஸ்பீக்கரின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் புதிய வண்டியைப் பாருங்கள்

பலரும் பழைய வண்டியைப் பிரிப்பதில்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர்மாறு. புதிய வண்டியில் இடம் இருக்கிறதா என்று தெரியாமல் பழையதைப் பிரிக்கக்கூடாது.

ஹெட் யூனிட்டுகளுக்கு உலகெங்கும் பொதுவான அளவு ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 7736 என்ற தரநிலை அதைச் சொல்கிறது. சிங்கிள் டின் என்றால் முகப்பு சுமார் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். டபுள் டின் என்றால் அதே அகலம், உயரம் 100 மி.மீ. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் துளை 200 மி.மீ. அகலம் இருக்கும், இரண்டு பக்கமும் இடைவெளியை மூடும் பட்டைகள் வைத்தால் சரியாகிவிடும். புதிய வண்டியின் டேஷ்போர்டில் பெரிய திரை ஒட்டவைத்தது போல நின்றால், அந்த மாடலுக்கென்று செய்த ஃபிரேம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஹெட் யூனிட்டை மறந்துவிடலாம். கம்பெனி திரையை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஆம்ப்ளிஃபயரோ கன்வெர்ட்டரோ வழியாக உங்கள் சப்வூஃபரை இணைக்கலாம். இப்போதைய வண்டிகளுக்கு இதுவே பெரும்பாலும் புத்திசாலித்தனமான வழி.

ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். முகப்பு பொருந்தும், ஆனால் பின்னால் ஏசி குழாய் இடிக்கும்; இப்படி நின்றுபோகும் வேலைகள் ஏராளம்.

அப்புறம் ஒரு பட்டியல் போடுங்கள்: அந்த மாடலுக்கான ஒயர் அடாப்டர், டேஷ் ஃபிரேம், ஆன்டெனா அடாப்டர், ஸ்டீயரிங் பொத்தான்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கான இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் அடாப்டர் வளையங்கள். வண்டியின் மாடல், ஆண்டு, அதில் எந்த ஒலி அமைப்பு வந்தது என்ற மூன்றையும் சொல்லித்தான் இவற்றை வாங்க வேண்டும். ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு கனெக்டர் மாறும். இவை கைக்கு வந்து சேர்ந்த பிறகே திருப்புளியைத் தொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்டார் திருப்புளி, 10 மி.மீ. ஸ்பேனர், டேஷ் பேனல்களை நெம்ப பிளாஸ்டிக் கருவிகள், ஒயரின் மேலுறையை உரிக்கும் கருவி, ஒயர் முனைகளை உலோகக் குழாயில் நசுக்கிச் சேர்க்கும் கிரிம்பிங் கொறடு, மல்டிமீட்டர், துணி சுற்றிய டேப், கேபிள் டை, தலையில் மாட்டும் விளக்கு. பேனலை இரும்புத் திருப்புளியால் நெம்பாதீர்கள். ஒரு முறை விழுந்த தடம் கடைசிவரை கண்ணை உறுத்தும். கழற்றும் திருகுகளைப் போட்டுவைக்கச் சின்னச் சின்னக் கவர்களும் வேண்டும். ஒவ்வொரு கவரின் மேலும் அது எந்த இடத்துத் திருகு என்று எழுதுங்கள்.

பழைய வண்டியில் கழற்றுதல்

முதல் வேலை கழற்றுவது அல்ல, படமெடுப்பது. ஆம்ப்ளிஃபயரின் கெய்ன் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது), கிராஸ்ஓவர் (எந்த அலைவரிசையில் ஒலியைப் பிரிப்பது) குமிழ்கள் எந்த நிலையில் இருக்கின்றன, ஹெட் யூனிட்டின் ஈக்வலைசர் எண்கள் என்ன, எந்த ஒயர் எந்த முனையில் போகிறது என எல்லாவற்றையும் ஃபோனில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்பீக்கரும் பாடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் பாருங்கள். இங்கேயே இரைந்துகொண்டிருக்கும் ஸ்பீக்கரைப் புதிய வண்டிக்குக் கொண்டுபோய்விட்டு, அங்கே ஒயரிங்கில் கோளாறு தேடி அலைய வேண்டாம். கம்பெனி யூனிட் ஒன்று அந்த வண்டியோடே போகிறது என்றால், அதில் பதிந்திருக்கும் ஃபோன் தொடர்புகளையும் வீட்டு முகவரியையும் இப்போதே அழித்துவிடுங்கள்.

அடுத்து பேட்டரி. நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதுதான் கடைசி. பாசிட்டிவை முதலில் தொட்டால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். கழற்றிய பிறகும் சில நிமிடங்கள் காத்திருங்கள். ஏர்பேக் அமைப்பில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை அல்லது மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. அதைக் கழற்றவும் வேண்டாம், அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கவும் வேண்டாம். மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் ஸ்டீரியோவுக்கு மின்சாரம் தருவது தனியான 12 வோல்ட் பேட்டரிதான். ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள்கள் உயர் மின்னழுத்தக் கேபிள்கள். அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

ஹெட் யூனிட்டைச் சுற்றியுள்ள சட்டத்தை மெதுவாக நெம்பி எடுத்தால், பக்கவாட்டில் திருகுகளோ உலோகக் கூட்டின் கொக்கிகளோ தெரியும். கொக்கி வகை என்றால் யூனிட்டோடு வந்த இரண்டு தட்டைச் சாவிகளைப் பக்கங்களில் செருகி இழுக்க வேண்டும். யூனிட் கொஞ்சம் வெளியே வந்ததும் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பின்னால் கையை விட்டுக் கனெக்டர்களைக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் தாழ்ப்பாளை அழுத்திக் கழற்ற வேண்டும். உலோகக் கூடு, சாவிகள், மைக், ஜிபிஎஸ் ஆன்டெனா, ரிவர்ஸ் கேமரா ஒயர், பழைய ஒயர் செட் எல்லாமே யூனிட்டோடு சேர்ந்தவை. தனித்தனியாக இவற்றைப் பிறகு தேடி வாங்குவது பெரும் அலைச்சல்.

ஆம்ப்ளிஃபயரைக் கழற்றும்போது பேட்டரியிலிருந்து அதற்கு வரும் தடித்த பவர் கேபிளை வண்டியிலேயே தொங்கவிட்டுப் போகாதீர்கள். பேட்டரிப் பக்கமும் ஃபியூஸும் கழற்றப்பட வேண்டும். முடிந்தால் கேபிள் முழுவதையும் உருவி எடுத்துவிட வேண்டும். அடுத்து அந்த வண்டியை ஓட்டப்போகிறவருக்கு இப்படியொரு கேபிள் டிக்கியில் கிடப்பதே தெரியாது. அதன் முனை உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும். ஒருவரின் பாதுகாப்பு இதில் அடங்கியிருப்பதால் இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது. எஞ்சின் அறையிலிருந்து கேபிள் உள்ளே வந்த துளையையும் ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே வரும்.

பழைய கம்பெனி ஸ்டீரியோவைப் பத்திரமாக வைத்திருந்தால் இப்போது திரும்பப் பொருத்திவிடலாம். அடாப்டர் வழியாகத்தான் உங்கள் யூனிட் இருந்தது என்றால் இது சில நிமிட வேலை. முன்பு யாரோ ஒயரை வெட்டியிருந்தால் அங்கே ஒவ்வோர் ஒயராகச் சேர்த்து உறை போட்டுத்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

புதிய வண்டியில் ஹெட் யூனிட்

இங்கேயும் நெகட்டிவ் முனையைக் கழற்றித் தொடங்குங்கள். கம்பெனி யூனிட்டை வெளியே எடுத்ததும் அடாப்டர் செட்டை, பழைய வண்டியிலிருந்து கொண்டுவந்த யூனிட்டின் ஒயர் செட்டோடு சேர்க்க வேண்டும். இதை வண்டிக்குள் குனிந்து செய்யாமல் மேசையில் வைத்துச் செய்யுங்கள். தனியாக வாங்கும் ஹெட் யூனிட்டுகளில் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே நிற வழக்கத்தைப் பின்பற்றுகின்றன:

மஞ்சள்: பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். நினைவகத்தைக் காப்பது இதுதான்.
சிவப்பு: சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட்.
கறுப்பு: எர்த், அதாவது வண்டியின் உடம்போடு சேரும் இணைப்பு.
நீலம்: ஆன்டெனாவுக்கான மின்சாரம்.
நீலத்தில் வெள்ளைக் கோடு: ஆம்ப்ளிஃபயரை இயக்கும் ரிமோட் ஒயர்.
ஆரஞ்சு: இரவு விளக்கு.
வெள்ளை: முன் இடது ஸ்பீக்கர். சாம்பல்: முன் வலது. பச்சை: பின் இடது. ஊதா: பின் வலது. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு உள்ள ஒயர் நெகட்டிவ்.

இந்த நிறங்கள் ஸ்டீரியோ பக்கத்துக்கும் அடாப்டர் பக்கத்துக்கும்தான். வண்டியின் சொந்த ஒயர்களுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனி நிறம் வைத்திருப்பார்கள். அங்கே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் மஞ்சளும் சிவப்பும் போக வேண்டிய இடங்கள் கனெக்டரில் இடம் மாறியிருக்கும். வண்டியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் யூனிட் எல்லா செட்டிங்கையும் மறந்துவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் தீர்ந்துவிடும்.

புதிய வண்டிகளில் சாவியோடு வரும் 12 வோல்ட் ஒயர் கனெக்டரில் இல்லாமலே போகலாம். வண்டி விழித்திருக்கிறதா என்ற செய்தி கேன் பஸ் என்ற தகவல் ஒயர் வழியாகப் போகும். அதைப் படித்து 12 வோல்ட்டாக மாற்றித் தரும் அடாப்டர்தான் இங்கே வேண்டும். ஸ்டீயரிங் பொத்தான்களும் பெரும்பாலும் அதே பெட்டி வழியாகவே வேலை செய்யும். பணம் மிச்சம் என்று சாதாரண ஒயர் செட்டை வாங்கி, சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வண்டி நிற்கும்போதும் ஸ்டீரியோ விழித்தே இருந்து பேட்டரியைக் காலி செய்யும்.

இணைப்புகளைக் கிரிம்ப் செய்யலாம், அல்லது சால்டர் வைத்து மேலே சூட்டில் சுருங்கும் குழாய் உறை போடலாம். முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் கூடாது. வெயிலில் டேப்பின் பசை இளகும், வண்டியின் அதிர்வில் முறுக்கு தளரும். ஸ்பீக்கர் நெகட்டிவ் ஒயர்களை ஒருபோதும் வண்டியின் உடம்போடு சேர்க்காதீர்கள். மிகப் பழைய வண்டிகளில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே பொது எர்த் இருந்தது. இன்றைய யூனிட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயரும் தனியாகப் போயாக வேண்டும், இல்லையென்றால் யூனிட்டின் உள்ளிருக்கும் ஆம்ப் சிப் எரிந்துவிடும்.

வீடியோ காட்டும் யூனிட் என்றால் ஹேண்ட் பிரேக் ஒயர் ஒன்று இருக்கும். அதை முறையாக ஹேண்ட் பிரேக் சுவிட்சோடு இணையுங்கள். எர்த்தில் சேர்த்து ஏமாற்றி, ஓடும் வண்டியில் படம் ஓடவிடுவது ஆபத்து.

ஆன்டெனாவில் ஒரு சின்ன விஷயம் பலரையும் குழப்பும். புதிய வண்டியில் ரேடியோ மட்டும் இரைச்சலாகக் கேட்டால், பெரும்பாலும் ஆன்டெனாவின் அடியிலுள்ள சிறிய பெருக்கிக்கு மின்சாரம் போகவில்லை என்று பொருள். அடாப்டரில் இருக்கும் நீல ஒயரை யூனிட்டின் நீல ஒயரோடு சேர்த்தால் ரேடியோ தெளிந்துவிடும்.

எல்லாம் இணைத்ததும் யூனிட்டை உள்ளே தள்ளித் திருகாமல், வெளியே வைத்தபடியே பேட்டரியை மாட்டிச் சோதியுங்கள். விளக்கு எரிகிறதா, சாவியை எடுத்தால் அணைகிறதா, பேலன்ஸையும் (இடம்-வலம்) ஃபேடரையும் (முன்-பின்) நகர்த்தினால் சரியான மூலையில் சத்தம் வருகிறதா. எல்லாம் சரி என்ற பிறகே முகப்பை மூடலாம்.

ஸ்பீக்கர்கள்

கதவு ஸ்பீக்கர்களில் விட்டத்தைவிட ஆழம்தான் தொல்லை தரும். 6.5 அங்குல ஸ்பீக்கர் துளையில் அழகாக உட்காரும். கண்ணாடியை இறக்கினால் அதன் காந்தத்தில் இடிக்கும். ஆகவே கதவு பேனலைக் கழற்றியதும் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். போதாவிட்டால் ஸ்பீக்கரைச் சற்று முன்னே தூக்கும் வளையம் உதவும். கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டுங்கள். மழைத் தண்ணீர் கதவுக்குள் வடிந்து கீழே போவதற்காக வைத்த தாள் அது. கிழிந்தால் ஈரம் வண்டிக்குள் வரும்.

எந்த ஒயர் பாசிட்டிவ் என்று தெரியாதபோது 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றே போதும். ஒயர்களை ஸ்டீரியோவிலிருந்து பிரித்துவிட்டு அந்தப் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டெடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் பட்ட ஒயர்தான் பாசிட்டிவ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இணைந்திருந்தால் பாட்டு கேட்கும், ஆனால் பாஸ் காணாமல் போயிருக்கும்.

ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும்

நேரத்தைச் செலவழிக்க வேண்டியது இங்கேதான். பவர் கேபிள் பேட்டரியில் தொடங்கும் இடத்திலிருந்து சுமார் 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். கேபிள் எங்காவது நசுங்கி உடம்பில் பட்டால் ஃபியூஸ் எரிந்து கேபிளைக் காக்கும். ஆம்ப்பைக் காப்பது இந்த ஃபியூஸின் வேலை அல்ல. ஃபியூஸின் அளவு, கேபிள் தாங்கும் மின்னோட்டத்தைத் தாண்டக்கூடாது. ஆம்ப்பின் மேலேயே இருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டினால் அதற்கு எவ்வளவு தேவை என்று தெரியும்: இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ்கள் என்றால் 60 ஆம்பியர். அந்த அளவைத் தாங்கும் கேபிளைப் போடுங்கள்.

பழைய வண்டியின் கேபிளை இங்கே பயன்படுத்தலாமா? நீளம் போதுமானால், உறை எங்கும் உரியாமல் இருந்தால், அசல் செம்பு என்றால், தாராளமாக. குட்டையாக இருந்தால் நடுவில் ஒட்டுப்போடாமல் புதியதை வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள்கள் அதே தடிமனில் குறைவான மின்னோட்டத்தையே தாங்கும். முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும்.

எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். வெறும் தகட்டு விளிம்பு கேபிளின் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். பவர் கேபிளை வண்டியின் ஒரு பக்கமும், ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ சிக்னல் ஒயர்களை மறுபக்கமும் கொண்டுபோனால் இரைச்சல் குறையும்.

எர்த் ஒயரைக் குட்டையாக, பவர் கேபிளின் அதே தடிமனில் வையுங்கள். ஆம்ப்புக்கு அருகே வண்டியின் உடம்புத் தகட்டில் பெயின்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட்டால் இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பூச்சு கொடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். விபத்தில் உயிரைத் தாங்குவது அந்தப் போல்ட். துளை போட வேண்டியிருந்தால் அடியில் பெட்ரோல் டேங்கோ எரிபொருள் குழாயோ பிரேக் குழாயோ இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணையும் வகை வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். அங்கே நேராக எர்த்தை மாட்டினால் சென்சாரின் கணக்கு தவறும், ஆகவே உடம்பிலேயே மாட்டுங்கள்.

சப்வூஃபர் பெட்டியைப் பட்டையோ பிராக்கெட்டோ வைத்துக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் அந்தக் கனமான பெட்டி முன்னே பறந்து வரும்.

பழைய கெய்ன் நிலையை அப்படியே வைக்காமல் குறைந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். ஹெட் யூனிட் ஒலியை முக்கால் பங்குக்கு ஏற்றி, கெய்னை மெதுவாகக் கூட்டி, குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றே பின்வாங்குங்கள். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் சரியாக வரும். அதே பெட்டி, அதே ஆம்ப் என்றாலும் சத்தம் பழையபடி இருக்காது. டிக்கி தனியாக மூடிய வண்டிக்கும், பின்கதவு வரை திறந்த உள்ளறை கொண்ட வண்டிக்கும் பாஸ் மிகவும் வேறுபடும். பெட்டியின் முகத்தைப் பின்கதவு பக்கமாகவும் இருக்கைப் பக்கமாகவும் மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள்.

முடித்த பிறகு வரும் சிக்கல்கள்

எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் கேட்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்ப்பின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்தால், வோல்ட் பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. அது சரியாக இருந்தும் விசில் போகவில்லை என்றால் ஆர்சிஏ ஒயர் பவர் கேபிளை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

ஆம்ப் இயங்கவே இல்லை என்றால் மூன்று முனைகளையும் வரிசையாக அளந்து பாருங்கள்: பவரில் 12 வோல்ட் இருக்கிறதா, ஸ்டீரியோ ஓடும்போது ரிமோட்டில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் பிடித்திருக்கிறதா. ஓரிரு பாட்டு பாடிவிட்டுத் தானே அணைந்தால் ஸ்பீக்கர்களின் மொத்த ஓம், ஆம்ப் தாங்கும் அளவுக்குக் கீழே போயிருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும்.

கடைசியாக, பேட்டரி வடிகிறதா என்ற சோதனை. வண்டியை அணைத்துப் பூட்டி, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைத்து, வண்டியின் கம்ப்யூட்டர்கள் உறங்கும் வரை அரை மணி நேரமாவது விடுங்கள். பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குக் கீழே வர வேண்டும். அதற்கு மேல் நின்றால் ஸ்டீரியோவின் ஃபியூஸையும் ஆம்ப்பின் ஃபியூஸையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இந்தச் சோதனையை மறுநாள் காலையிலும் ஒரு முறை செய்துவிட்டு வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுங்கள்.